கடைசி டேபிளுக்கு வந்த வோல்ட்

நாகஜோதியின் கை மெதுவு என்று சொன்னவன் எவனாக இருந்தாலும், அவனை ஒரு நாள் முழுக்க அந்தக் கடைசி டேபிளில் நிறுத்தி இஸ்திரி போட வைக்க வேண்டும். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மேலே பேச வரும்.

நான் சாமியப்பன். திருப்பூர் மண்ணரையில் ஒயரிங் வேலை செய்கிறேன். பனியன் கம்பெனிகளுக்கு லைன் இழுப்பது, போர்டு மாட்டுவது, மோட்டார் எரிந்தால் கழற்றிப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. கோபக்காரன் என்று பேர் எடுத்திருக்கிறேன். எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறேன். கோபப்பட வேண்டியதைப் பார்த்துவிட்டுப் பல்லை இளித்துக்கொண்டு நிற்க எனக்கு வராது.

நாகஜோதி எங்கள் வீதிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் குடியிருக்கிறாள். கமுதிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் சோணைமுத்துவுடன் திருப்பூர் பஸ் ஏறியவள். அவன் சாயப்பட்டறைக்குப் போனான், இவள் கைமடிக்குப் போனாள். கைமடி என்றால் தைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அதிலிருந்து பிசிர் வெட்ட, அப்புறம் செக்கிங். ஆனால் அவள் கண் எப்போதும் இஸ்திரி டேபிள் மேலேதான் இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் இஸ்திரி பெரும்பாலும் ஆம்பளை வேலை. பெட்டி கனம், சூடு, நாள் முழுக்க நிற்க வேண்டும். "பொம்பளைக்கு எதுக்குங்க இது" என்று ஒதுக்கிவிடுவார்கள். இவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இவள் வேஸ்ட் துணியை எடுத்துவைத்துப் பெட்டியை ஓட்டிப் பழகினாள். ஒரு நாள் இஸ்திரிக்காரன் ஒருவன் வராமல் போக, நான் போடுகிறேன் என்று போய் நின்றாள். அன்றைக்கு நின்றவள்தான். டீ-சர்ட்டின் தோளில் கோடு விழாமல், கழுத்து ரிப் இழுபடாமல், மேலிருந்து கீழே ஒரே ஓட்டாக இறக்குவாள். நானே பார்த்திருக்கிறேன். மண்ணரையில் நாலு கம்பெனியில் அவள் பேரைச் சொன்னால் "அந்தக்காவா, உடனே வரச் சொல்லுங்க" என்பார்கள். சம்பாதித்ததில் அவளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பேர்தான்.

அந்தப் பேருக்குத்தான் உலை வைத்தார்கள்.

மகள் ஜோதிகாவைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், அவள் வேலை பார்க்கிற கம்பெனி பெரிதாகியிருக்கிறது. ஷெட்டை நீட்டி, இஸ்திரி டேபிளைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். முன்னால் இருந்த டேபிளில் எல்லாம் ஆள் நின்றுவிட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது கடைக்கோடியில், துணிக் கட்டுகளை அடுக்கி வைத்த சுவரோரம் புதிதாகப் போட்ட டேபிள். எங்கே நின்றால் என்ன, பெட்டி ஓடினால் சரி என்று போய் நின்றாள் பாவம்.

பெட்டி ஓடவில்லை. காலையில் சூடேறும். நாலு பீஸ் போட்டதும் ஆறிவிடும். சுருக்கம் போகாது. சூட்டுக் குமிழைக் கடைசி வரை திருகிவைத்து, ஒரே இடத்தில் பெட்டியை அழுத்திப் பிடித்து, எடுத்து, மறுபடியும் அழுத்துவாள். மற்ற டேபிளில் கட்டுக் கட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது இவள் பக்கத்தில் துணி குவிந்து கிடக்கும்.

சூப்பர்வைசர் செல்வக்குமார் வந்து பார்த்தான். சின்ன வயசுக்காரன், வாய் மட்டும் பெரிது. பெட்டி ரிப்பேர் என்று அவள் சொன்னதும் முதல் டேபிள் பெட்டியை எடுத்து இவளிடம் கொடுத்து, இவள் பெட்டியை அங்கே கொடுத்தான். இவளுடைய பெட்டி முதல் டேபிளில் ஜோராக ஓடியது. முதல் டேபிள் பெட்டி இவளிடம் வந்து படுத்துக்கொண்டது. ஒரு கழுதைக்காவது அப்போது தோன்றியிருக்க வேண்டும், டேபிளில்தான் கோளாறு என்று. செல்வக்குமாருக்கு என்ன தோன்றியது தெரியுமா?

"பெட்டிய மாத்திப் பாத்தாச்சுங்கக்கா. பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. உங்களுக்குத்தான் கை ஓட மாட்டீங்குது. வயசாயிருச்சில்லீங்க."

இதை அத்தனை பேர் நடுவில் சொன்னான். மைக் இல்லாத குறைதான். பனியன் கம்பெனியில் ஒருத்திக்கு மெதுவு என்று பேர் வந்துவிட்டால் அது அந்தக் கம்பெனியோடு நிற்காது. டீக்கடை வரை போகும், அங்கிருந்து அடுத்த கம்பெனிக்குப் போகும். அதற்கப்புறம் அவளை வரச் சொல்லி யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள்.

இவள் என்ன செய்தாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கடைசி டேபிள்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பார்க்கலாம். ஃபேனை நிறுத்தினால் பெட்டிக்குக் கரண்ட் கூட வரும் என்பார்கள். இவளுடைய டேபிளில் பெட்டிக்கும் சுவரில் மாட்டியிருந்த ஃபேனுக்கும் ஒரே போர்டு. அதனால் இவளும் ஃபேனை நிறுத்தினாள். மேலே தகர ஷெட், சித்திரை மாசத்து வெயில், கையில் ஆவி அடிக்கிற பெட்டி. அதில் ஃபேன் இல்லாமல், கை மெதுவு என்ற சொல்லைக் கேட்டுவிடக் கூடாதே என்று காலையிலிருந்து நின்றாள். ஒரு நாளா இரண்டு நாளா!

ஒரு மத்தியானம் அப்படியே கண்ணைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். விழும்போது இடது முழங்கை பெட்டியின் அடித்தகட்டில் போய்ப் பட்டு வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். அதற்குச் செல்வக்குமார் சொன்ன ஆறுதல், "ஃபேன ஆஃப் பண்ணச் சொன்னது யாருங்க?"

அந்த வாரமே கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. முதலாளி குகன்தான் பேசினான். பழைய முதலாளி மகுடேஸ்வரன் மகன். அப்பா ஒதுங்கிக்கொண்டு இப்போது இவன்தான் பார்க்கிறான்.

"அண்ணா, ஒரு சின்ன வேலைங்ணா. இஸ்திரி டேபிள் ஃபேன் சுவிட்ச் எல்லாத்தையும் சூப்பர்வைசர் கேபினுக்கு மாத்திக் குடுத்துருங்க. இவீங்க பாட்டுக்கு ஆஃப் பண்ணிட்டு விழுந்து வெக்கிறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தி கை வெந்து கிடக்கிறாள், இவர்களுக்குச் சுவிட்ச் ஒளித்துவைக்கிற வேலை! வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

போய்ப் பார்த்தால் நாகஜோதி டேபிளில் இல்லை. தரையில் பாயில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எந்த வேலையிலிருந்து எழுந்து வந்தாளோ அதே வேலை.

"ஏம்மா, டேபிள் என்னாச்சு?" என்றேன்.

"இனிமே இதுதான்ணே எனக்கு. திங்கக்கிழமையிலருந்து டேபிளுக்கு வேற ஆளப் போடுறாகளாம். கை ஓடலையில்ல," என்றாள். தலையைத் தூக்கவே இல்லை. "இத மட்டும் நீங்க அவுககிட்டச் சொல்லிருங்கண்ணே. இருக்குற டேபிள எனக்கே குடுக்கச் சொல்லுங்க. நான் ஃபேனத் தொடமாட்டேன்."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முன்னால் நின்றது.

பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். மெயின் போர்டில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட், சுத்தமாக இருந்தது. முதல் டேபிளில் பெட்டி ஓடும்போதே வைத்தேன். இரண்டு குறைவு, அது ஒன்றுமில்லை. நேராகக் கடைசி டேபிளுக்குப் போய் அவளுடைய பெட்டியைப் போட்டுவிட்டுப் பிளக்கில் வைத்தேன். இருநூறு. முப்பது வோல்ட்டைக் காணோம்! ஒயரைக் கவ்வுகிற மீட்டரைப் போட்டு ஆம்பியர் பார்த்தேன். மூன்று புள்ளி எட்டு.

இதற்கு மேல் பெரிய கணக்கே இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது எவ்வளவு சூடு என்பது. இருநூறையும் மூன்று புள்ளி எட்டையும் பெருக்குங்கள், எழுநூற்று அறுபது. பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருக்கிறது. நாலில் ஒரு பங்கு சூடு அவளுக்கு வந்து சேரவே இல்லை. நாலில் ஒரு பங்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கை ஓடவில்லை என்கிறான்!

அந்த முப்பது வோல்ட் எங்கே போனது? ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஷெட்டை நீட்டியபோது அவசரத்துக்கு எவனோ கோயில் நோம்பிக்கு சீரியல் செட் கட்டுகிற நூல் ஒயரைக் கொண்டுவந்து, கூரையைச் சுற்றி, துணிக் கட்டுகளுக்குப் பின்னால் விட்டு இழுத்திருக்கிறான். நீளம் பத்தாத இடத்தில் எல்லாம் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். டேப்பைத் தொட்டேன். கை சுட்டது. டேப் கருகிப் பிசின் ஒழுகி இருந்தது. காணாமல் போன வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்த ஒயர் காட்டுகிற தடை கிடைக்கும். முப்பதை மூன்று புள்ளி எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட எட்டு ஓம். நல்ல ஒயராக இருந்தால் அரை ஓம்கூட வரக் கூடாது. முப்பதையும் மூன்று புள்ளி எட்டையும் பெருக்கினால் நூற்றுப் பதினாலு வாட். ஒரு நூறு வாட் குண்டு பல்பின் சூடு பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் அந்த ஒயரிலும் முறுக்கிலுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் என்ன, தண்ணீர்த் தொட்டியா? அத்தனையும் பஞ்சு நூல் துணி.

ஃபேனையும் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்கு வருகிற வோல்ட் இரண்டரை குறைந்தது. நிறுத்தினேன், ஏறியது. அப்படியானால் அவள் நினைத்தது பொய்யில்லை. ஃபேனை நிறுத்தினால் கொஞ்சம் கூட வருகிறதுதான். எவ்வளவு? இரண்டரை வோல்ட். ஃபேனோடு சேர்த்து முப்பத்திரண்டரை வோல்ட்டைக் கம்பெனி தின்கிறது, அதில் இரண்டரையைத் தன் உடம்பை வேகவைத்து அவள் மீட்டுக் கொடுத்திருக்கிறாள். அடப் பாவிகளா!

குகன் வந்தான். எலக்ட்ரிகலில் இன்ஜினியரிங் படித்தவன். நான் மூன்று அளவையும் சொன்னேன், அவ்வளவுதான். நான் பெருக்கி முடிப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"எட்டு ஓம் வருதுங்ணா. லாஸ் நூத்திப் பதினாலு வாட். இந்த லைன் வீக்குன்னு எனக்குத் தெரியுமுங்ணா. ஷெட் போட்டப்பவே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாமல் செய்தான் என்றால் திட்டிவிட்டுச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தவனை என்ன செய்வது?

"தெரிஞ்சுதான் விட்டு வெச்சீங்களா?" என்றேன்.

"மாத்தறதுன்னா லைன அரை நாள் நிறுத்தோணுங்ணா. ஷிப்மென்ட் மேல ஷிப்மென்ட். சீசன் முடியட்டும்னு இருந்தேன்."

"அப்ப அந்தப் பொம்பளைய மெதுவுன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"நான் சொல்லலீங்களே. செல்வக்குமாரு சொன்னாப்ல."

"சொன்னப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?"

அவன் குனிந்து போனைப் பார்த்தான். ஃபேன் சுவிட்சை நான் மாற்ற மாட்டேன், என் வண்டியில் நல்ல ஒயர் இருக்கிறது, இந்த ஒரு டேபிளுக்குத் தனி லைன் இழுக்கப் போகிறேன், கம்பெனி ஒன்றும் நிற்க வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் இப்படியே இ.பி. ஆபீசுக்குப் போய்ச் சொல்வேன் என்றேன். "சரி இழுங்க" என்றான். "ஆனா அந்தக்காவே ஒரு கட்டுத் துணி இஸ்திரி போட்டுக் காட்டட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். பெரிய மனசு!

மெயின் போர்டிலிருந்து தடித்த ஒயரை முறுக்கு இல்லாமல் நேராக இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, மீட்டரை வைத்தேன். இருநூற்று இருபத்தெட்டு. நாகஜோதியைக் கூப்பிட்டேன். பாயிலிருந்து எழுந்து வந்தாள். கட்டுப்போட்ட கையால் துணியை லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது கையில் பெட்டியை எடுத்தாள். குமிழைக் கடைசி வரை திருகினாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. வெள்ளை டீ-சர்ட்டை விரித்து, வழக்கம் போல் பெட்டியை அழுத்திப் பிடித்தாள்.

கருகல் வாசம் வந்தது. எடுத்துப் பார்த்தால் நெஞ்சுப் பகுதியில் பெட்டி வடிவத்தில் பழுப்புத் தடம்.

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. செல்வக்குமார் ஓடி வந்து அந்தச் சட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினான். "பாத்தீங்களாங்ணா? இப்பத்தான் கரண்டு நல்லா வருதில்லீங்க? ஒயர் மேல பழியப் போட்டீங்க. கைதானுங்க கோளாறு."

என் நாக்கு நுனியில் கெட்ட வார்த்தை வந்து நின்றது. ஆனால் அதற்குள் நாகஜோதி பெட்டியைத் தூக்கித் தாங்கியில் வைத்தாள். இத்தனை மாசமாக வாயைத் திறக்காதவள் திறந்தாள்.

"இங்க பாரு தம்பி. ஆறுன பெட்டியக் குடுத்துப்புட்டு அழுத்திப் போட வச்சது நீங்க. அழுத்தி அழுத்தி என் கை அதுக்குப் பழகிக் கெடக்கு. இன்னைக்குச் சூடான பெட்டியக் குடுத்துப்புட்டு, ஏன் அழுத்துறன்னு கேக்குறீங்க. பெட்டி உங்களது. கரண்டு உங்களது. ஒயரு உங்களது. நான் எங்க ஊருலருந்து கொண்டாந்தது இந்தக் கையி ஒண்ணுதான். அதயும் ரெண்டு தடவ கெடுத்துப்புட்டீங்க. இன்னொரு சட்டையக் குடு."

அவன் கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள். குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தாள். பெட்டியின் அடியில் ஈர விரலை ஒரு நொடி தட்டிப் பார்த்தாள். அப்புறம் துணியில் வைத்தாள், இறக்கினாள், எடுத்தாள். முதல் இரண்டு சட்டைக்குக் கை கொஞ்சம் தயங்கியது. மூன்றாவதில் பழைய ஓட்டம் வந்துவிட்டது. சட்டை சட்டையாகப் போய் விழுந்தது. தோளில் ஒரு கோடு இல்லை. பக்கத்து டேபிள் முனீஸ் தன் பெட்டியை வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். துணிக் கட்டு முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

குகன் சொன்னான், "சரிங்கக்கா. நீங்க இங்கயே நில்லுங்க. வேற ஆள் போடலீங்க."

அதோடு நிற்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அது பத்தாது தம்பி," என்றாள். "நீங்க ஏதோ கணக்குப் போட்டீகளே, ஓமு, வாட்டுன்னு. எனக்கு அது வெளங்காது. யாரு மேல தப்புன்னு அதுல வருதுல்ல? அத எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. என்னைய மெதுவுன்னு எல்லாரும் கேக்கத்தான சொன்னீக."

குகனின் மூஞ்சி தொங்கிப் போயிற்று. ஒருமுறை என்னைப் பார்த்தான். நான் என்ன அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தவனா? மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒயர்லதானுங்க கோளாறு. அக்கா மேல தப்பில்லீங்க" என்று சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னான்.

"மிஷினு சத்தத்துல கேக்கல தம்பி."

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குகன் மறுபடியும், இந்தத் தடவை சத்தமாகச் சொன்னான். "கடைசி டேபிளுக்கு முப்பது வோல்ட் கம்மியா வந்துட்டு இருந்துதுங்க. ஒயர்தான் மோசம். நாகஜோதியக்கா கை மெதுவு இல்லீங்க. எங்க தப்புதானுங்க."

முதலில் முனீஸ் கேட்டான், "அண்ணே, அப்ப என் டேபிளுக்கு எவ்வளவு வருது? என்னையவும் போன மாசம் திட்டுனாரு." அதற்குள் தையல் பக்கமிருந்து ஒரு வடநாட்டுப் பெண் எழுந்து, "பையா, மேரா மிஷின் பி", அண்ணா என் மிஷினையும் பாருங்கள் என்று தன் மிஷினைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் அனுப்ரியா என்கிற ஓவர்லாக் பெண், "எம் மிஷினும் இழுக்க மாட்டீங்குதுங்க, தூங்கி வழியறேன்னு திட்டறாங்க" என்றாள். ஆளுக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணா, இதெல்லாம் இன்னைக்கு வேண்டாங்ணா, ஷிப்மென்ட் இருக்குது" என்று குகன் கையைப் பிசைந்தான். செல்வக்குமார் மிஷினைப் போடச் சொல்லிக் கத்தினான். ஒருத்தரும் போடவில்லை. அரை நாள் நிறுத்த முடியாது என்ற கம்பெனி, நின்றுவிட்டது.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு முனீஸ் டேபிளுக்குப் போனேன். நாகஜோதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டுப்போட்ட கையைத் தூக்கி டேபிள் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாமப் பாருங்கண்ணே. நின்னு நிதானமாப் பாருங்க," என்றாள். "எனக்கு இன்னைக்கு ஒரு அவசரமும் இல்ல."